நாய்க்கு எது கூலி

கள்ளக்குறிச்சிச் சமவெளியில் கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் நடுவே கொட்டாயில் வளரும் நாயையும், கல்வராயன் மலையில் சாமைக் கொல்லையோரம் ஆட்டுப்பட்டியைக் காக்கும் நாயையும் பழக்குவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நான்கு சுவருக்குள் வளரும் நகரத்து நாய்க்கு நல்லது எதுவானாலும் மனிதர் கையிலிருந்துதான் வந்தாக வேண்டும். இங்கே அப்படி இல்லை. வரப்பில் முயல் வாடை அடிக்கிறது. விரட்டினால் ஆடு சிதறி ஓடுகிறது, மயில் படபடவென்று எழும்புகிறது. குப்பைமேட்டைக் கிளறினால் எலும்பு அகப்படுகிறது. இத்தனைக்கும் நடுவில் "மணி, வா" என்று கூப்பிடுகிறவரிடம் போனால் கிடைப்பது பெரும்பாலும் சங்கிலி. வராத நாயைத் திமிர் பிடித்தது என்கிறோம். ஆனால் அது போட்ட கணக்கில் தப்பே இல்லை. எங்கே லாபமோ அங்கே போகிறது. ஆகவே இந்த அத்தியாயத்தில் தின்பண்டத்தையும் விளையாட்டுப் பொருளையும் பற்றிச் சொல்வதெல்லாம் ஒரே கருத்தில் வந்து நிற்கும்: எது பரிசு என்று தீர்மானிப்பது நாய்; எதற்காக, எந்த நொடியில் அது கிடைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது நாம். இந்த முறையை முயன்று "எங்கள் நாய்க்கு இதெல்லாம் ஒத்துவரவில்லை" என்று கைவிட்டவர்களில் பலர், இந்த இரண்டில் ஒன்றைத் தலைகீழாகச் செய்திருப்பார்கள். நாய்க்கு வேண்டாததைக் கொடுத்திருப்பார்கள். அல்லது வேண்டியதைக் கண்ட நேரத்தில் கொடுத்திருப்பார்கள்.

முதலில் நேரத்தைப் பார்த்துவிடுவோம், பண்டத்தைவிட அதில்தான் பிழை அதிகம் நடக்கிறது. எந்தச் செயலை அடுத்து நல்லது கிடைக்கிறதோ அந்தச் செயல் மறுபடி மறுபடி வரும் என்பதை எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் பூட்டிய பெட்டிக்குள் பூனைகளை விட்டுக் காட்டினார். பி. எஃப். ஸ்கின்னர் அதையே 1930-களில் அளந்து, விதிகளாக வகுத்தார். அவரிடம் பயின்ற கெல்லர், மேரியன் பிரெலண்ட் தம்பதி ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நூற்றுக்கும் மேற்பட்ட வகை விலங்குகளை இந்த வழியில் பழக்கினார்கள். இவர்கள் எல்லோரும் கண்டது, செயலுக்கும் பரிசுக்கும் நடுவே சில விநாடி இடைவெளி விழுந்தாலே விலங்கு வேறு எதையோ கற்றுக்கொள்கிறது என்பது. நாய் உட்காருகிறது, நீங்கள் பைக்குள் கைவிட்டு ஈரல் துண்டைத் தேடுகிறீர்கள், அதற்குள் அது எழுந்து உங்கள் மேல் காலைப் போடுகிறது, அப்போது துண்டு வாய்க்குப் போகிறது. நீங்கள் உட்காரப் பழக்கினீர்கள், அது மேலே தாவக் கற்றுக்கொண்டது. இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஓர் ஒலி வேண்டும். கடைகளில் கிளிக்கர் என்று விற்கிறார்கள். அது இல்லாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது, நாக்கை மேலண்ணத்தில் வைத்து "ட்டொக்" என்று சொடுக்கினால் போதும். "சரி", "ம்ம்" போல நாள் முழுக்க வாயில் வரும் சொற்கள் வேண்டாம். முதல் இரண்டு நாள் வேறெதுவும் கேட்காமல், ஒலி, உடனே ஒரு துண்டு, ஒலி, உடனே ஒரு துண்டு என்று கொடுத்து வந்தால், ஒலி கேட்டதும் நாய் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கும். அதன்பின் சரியான நொடியில் ஒலி வந்துவிட்டால், துண்டு இரண்டு விநாடி தாமதித்தாலும் பாடம் கெடாது. பண்டத்தை வைத்துக்கொள்ள இடுப்பில் செருகிய சுருக்குப் பையைவிடச் சிறந்த சாதனம் இல்லை. ஒரு கையால் திறக்கலாம், மூடலாம், வாடையும் அதிகம் கசியாது.

இனி நம்மூரில் முதலில் எழும் ஆட்சேபத்துக்கு வருவோம். தின்ன எதையாவது காட்டி நாயை வரவைப்பது லஞ்சம்தானே, கையில் ஒன்றும் இல்லாத நாளில் அது வருமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேலைக்கு முன்னால் காட்டி ஆசை மூட்டினால் அது லஞ்சமேதான், அப்படிப் பழகிய நாய் கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கும். வேலை முடிந்தபின் கைக்கு வருவது கூலி. கூலி ஒழுங்காக வரும் இடத்துக்கு ஆள் மறுநாளும் வருவார், முன்பணத்தைக் கண்ணில் காட்ட வேண்டியதில்லை. ஆகவே பண்டம் தொடக்கத்தில் மூன்று நான்கு தடவை மட்டுமே நாயின் மூக்குக்கு முன்னால் வழிகாட்டியாக இருக்கலாம். அதன்பின் அதே கையசைவு, வெறுங்கை. துண்டு வருவது பையிலிருந்தோ திண்ணை மாடத்தில் வைத்த கிண்ணத்திலிருந்தோ. பை இடுப்பில் இல்லாத நேரத்திலும் கூப்பிட்டு, வந்ததும் கூடவே நடத்திப்போய் மாடத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். பண்டம் கண்ணில் படாவிட்டாலும் அது எங்கிருந்தாவது வரும் என்று நாய் அறிந்துகொள்ளும் இடம் இதுதான். இதைச் செய்யாமல் விட்டவர்களின் நாய்கள்தாம் "பிஸ்கட் இருந்தால் மட்டும் வரும்" என்ற பெயரை வாங்குகின்றன.

கூப்பிட்டால் வருவதையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம், மலையடிவாரத்தில் ஒரு நாய்க்கு இதைவிட முக்கியமான பாடம் கிடையாது. பொழுது சாயும் நேரம், இரவுச் சோறு போடுவதற்கு முன்னால், நாய்க்குப் பசி இருக்கும்போது வாசலில் தொடங்குங்கள். கழுத்தில் கட்டாமல் மார்போடு சேர்த்துப் பூட்டும் பட்டையில் முப்பது அடித் தாம்புக் கயிறு ஒன்று இருக்கட்டும். இழுப்பதற்கு வேண்டாம், ஓடிப்போகாமல் இருக்க மட்டும். நாய் வேறு பக்கம் பார்க்கும்போது பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். தலை உங்கள் பக்கம் திரும்பிய அந்த நொடியில் நாக்குச் சொடுக்கு. அது வந்து சேர்ந்ததும் துண்டை உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில், தாழ்வாக, கையை நீட்டாமல் கொடுங்கள். கையை நீட்டிக் கொடுத்தால் எட்டி நின்று பிடுங்கிக்கொண்டு ஓடப் பழகும். ஒரு கையால் கொடுக்கும்போதே மறு கையால் பட்டையைத் தொடுங்கள், உடனே விட்டுவிடுங்கள், "போ" என்று மறுபடி விளையாட அனுப்புங்கள். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை இப்படித் திரும்ப அனுப்பினால்தான், கூப்பிடுவதும் கட்டிப்போடுவதும் நாயின் மனதில் ஒன்றாகாமல் இருக்கும். வாசலில் தவறாமல் வந்தபின் வரப்பு, வரப்பில் வந்தபின் தூரத்தில் ஆடுகள் மேயும் தரிசு, கடைசியாகக் காட்டோரம். ஒவ்வோர் இடத்துக்கும் பாடம் கொஞ்சம் பின்னோக்கிப் போகும். வாசலில் அவித்த கிழங்குத் துண்டுக்கு வந்த நாய் ஆட்டு மந்தையின் பக்கத்தில் ஈரலுக்குத்தான் வரும். வேலை கடினமானால் கூலியும் உயர வேண்டும்.

அடுத்தது பழைய ஆட்சேபம்: அடியாத மாடு படியாது. அடித்தால் நாய் அடங்குவது உண்மைதான், அந்த நொடியில் எல்லோர் கண்ணுக்கும் அது தெரியும். அதனால்தான் இந்த நம்பிக்கை அசையாமல் நிற்கிறது. ஆனால் அடங்குவதும் கற்றுக்கொள்வதும் ஒன்றா என்று சோதித்தவர்கள் இருக்கிறார்கள். 2004-இல் இங்கிலாந்தில் 364 நாய் வளர்ப்பவர்களிடம் ஹைபி, ரூனி, பிராட்ஷா ஆகியோர் நடத்திய ஆய்வில், பரிசு கொடுத்து அதிகம் பழக்கியவர்களின் நாய்களே சொன்னபடி கேட்டன. தண்டனைக்கும் கீழ்ப்படிதலுக்கும் அப்படியொரு தொடர்பு தென்படவில்லை. தண்டித்தவர்களின் நாய்களில் தொல்லைகள்தான் அதிகம் இருந்தன. தொல்லை கொடுக்கும் நாயைத்தானே மக்கள் அதிகம் அடிப்பார்கள், எது காரணம் எது விளைவு என்று இதை வைத்து எப்படிச் சொல்வது என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதற்கு விடை, நாய்களையே நேரில் அளந்த ஆய்வுகளில் இருக்கிறது. 2020-இல் போர்ச்சுகலில் வியேரா டி காஸ்ட்ரோ குழுவினர் பயிற்சிப் பள்ளிகளில் 92 நாய்களைப் படம்பிடித்து, உமிழ்நீரில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் அளவையும் பார்த்தார்கள். கண்டித்தும் இழுத்தும் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன, பயிற்சிக்குப் பின் கார்டிசாலும் ஏறியிருந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தவர் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது: கூப்பிட்டால் வராத, கால்நடைகளைத் துரத்துவது போன்ற தொல்லைகள் கொண்ட 63 நாய்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை போட்டார்கள். பரிசை மையமாக வைத்துப் பழகிய குழுதான் முதல் அழைப்புக்கே அதிகம் திரும்பியது, விரைவாகவும் வந்தது. மனிதர் தலைவராக நின்று நாயை அடக்கி ஆள வேண்டும் என்ற கொள்கையோ, 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்தது. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தந்தையும் குட்டிகளும் கொண்ட குடும்பம் என்று டேவிட் மெக் 1999-இல் எழுதியபின் அதற்கு அடித்தளமே இல்லை.

இங்கே நேர்மையாக இன்னொன்றையும் எடுத்து வைக்க வேண்டும். 2024-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான்சனும் வின்னும் 19 நாய்களை வைத்து, வேகமாக ஓடும் பொம்மை இரையைத் துரத்தும் பழக்கத்தை நிறுத்தப் பார்த்தார்கள். மின் பட்டை போட்ட நாய்கள் ஓரிரு பயிற்சியிலேயே நிறுத்திவிட்டன. தின்பண்டம் கொடுத்துப் பழக்கிய நாய்கள் அந்தச் சில நாட்களில் நிறுத்தவில்லை. அடி ஆதரவாளர்கள் இதைக் கையில் எடுப்பார்கள். ஆனால் அந்த நாய்கள் அதிர்ச்சியில் கத்தின என்பதும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது; அளவோடு அதிர்ச்சி கொடுக்கத் தெரிந்த பயிற்சியாளர் கையில், ஒரே பொம்மையைத் துரத்துவதைத்தான் அது நிறுத்தியது. நம் ஊரில் எறியப்படும் கல்லும் ஓங்கும் கழியும் அப்படிப்பட்ட அளந்த கருவிகள் அல்ல. நாய் முயலின் பின்னால் நூறு அடி ஓடியபின் கல் போய்ச் சேராது. திரும்பி வந்தபின் விழும் அடி, திரும்பி வந்ததற்கான அடி. இந்த ஆய்வு எனக்குச் சொல்வது வேறு: துரத்தல் தொடங்கிவிட்ட நாயிடம் பையிலுள்ள ஈரல் துண்டு சில நாட்களில் ஜெயிக்காது. அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டால்தான் சரியாகத் திட்டமிட முடியும். துரத்தத் தொடங்கும் முன்பே, காது நிமிர்ந்து உடல் விறைக்கும் நொடியிலேயே பெயரைச் சொல்லிப் பரிசு கொடுக்க வேண்டும். பழகும் வரை கயிறு அவிழக்கூடாது. துரத்துவதில்தான் ஆசை என்றால் பரிசும் துரத்துவதாகவே இருக்க வேண்டும். காட்டு முயலை நாயை விட்டுத் துரத்துவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டையில் சேரும் என்பதால், "சூ" என்று ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பதற்கும் இடமில்லை.

நாட்டு நாய்க்குத் தீனி எதற்கு, தடவிக் கொடுத்தாலே உயிரை விடும் என்பார்கள் சிலர். இதற்கு ஆதரவாக நம் நாட்டு ஆய்வே ஒன்று இருக்கிறது. கொல்கத்தா அருகே இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களோடு நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அறிமுகமில்லாத ஆள் திரும்பத் திரும்ப வந்து உணவு கொடுத்ததைவிட, தடவிக் கொடுத்தபோது தெருநாய்கள் அவரை அதிகம் நம்பின. ஆனால் 2012-இல் ஃபாயர்பாக்கரும் வின்னும் அமெரிக்காவில் செய்து பார்த்தபோது, மூக்கால் கையைத் தொடும் சிறு வேலைக்கு, தடவலைவிட உணவே நாய்களை அதிகம் உழைக்க வைத்தது. இரண்டும் முரண்படவில்லை. கல்லடி பட்டே வளர்ந்த தெருநாய்க்கு, பயமில்லாமல் தொடும் ஒரு கை அரிதான பொருள். அதற்கு விலை அதிகம். வீட்டில் நாள் முழுக்கத் தடவல் கிடைக்கும் நாய்க்கு அதற்காக மெனக்கெட ஒன்றுமில்லை. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் குட்டிக்கு முதல் வாரங்களில் அமைதியான தொடுகையையே பரிசாக வையுங்கள். பாடம் தொடங்கும்போது பண்டத்துக்கு மாறுங்கள். வாயால் "நல்ல பையன், நல்ல பையன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது மட்டும் இரண்டிலும் சேர்த்தியில்லை. தொடுகையோ தீனியோ பின்னால் வராத புகழ்ச்சிக்கு நாய்கள் பெரிதாக மதிப்புத் தருவதில்லை.

எந்தப் பண்டம், எவ்வளவு? செலவைப் பற்றிய கவலை இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும். 15 கிலோ எடையுள்ள நடமாட்டமான நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி வேண்டும். பயிற்சித் தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் வைக்கும் பொதுவான எல்லை. ஓர் அவித்த முட்டைக்கு 70 கலோரிக்குச் சற்று மேல் இருக்கும். ஆக ஒரு நாளைக்கு ஒரு முட்டை, அவ்வளவுதான். அதைச் சுண்டைக்காயில் பாதி அளவுக்கு நறுக்கினால் நாற்பது துண்டு தேறும், நாற்பது தடவை பாடம் சொல்லலாம். பெரிய துண்டு பெரிய பரிசு என்று மனிதருக்குத் தோன்றும்; நாய்க்கு எத்தனை தடவை கிடைத்தது என்பதே பெரிது, மெல்லுவதற்கு நேரமானால் பாடமும் அறுந்துபோகும். கோழி ஈரல், கறிக்கடையில் சுவரொட்டி என்று கேட்டால் கிடைக்கும் மண்ணீரல், ஆட்டு நுரையீரல் ஆகியவை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்தால் வாடையிலேயே நாயைக் கட்டிப்போடும். ஈரலை மட்டும் தினமும் வேண்டாம், வைட்டமின் ஏ மிகுந்துபோகும். மலையில் கறி கிடைக்காத நாளுக்கு அவித்த சர்க்கரைவள்ளியும் பூசணியும் போதும். நெத்திலிக் கருவாட்டை அப்படியே கொடுக்காமல் பல தடவை நீர் மாற்றி ஊறவைத்து, உப்பைப் போக்கி, உலர்த்திக் கொடுக்கலாம். மரவள்ளி பயிராகும் வட்டாரம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பச்சைக் கிழங்கிலும் தோலிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு, தோல் சீவும் இடத்தில் நாயை விடாதீர்கள், தோல் நீக்கி நன்றாக வெந்தது மட்டுமே தீனி. பிரியாணி மிச்சம் பரிசாகாது. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவை விஷம். சித்திரை வெயிலில் வேகவைத்த ஈரல் பைக்குள் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும்; காலைக்கு வெட்டியது காலைக்கே. அந்த மாதங்களில் பயிற்சியும் விடியலிலும் அந்தியிலும் மட்டும்தான்.

விளையாட்டுப் பொருள் எல்லா நாய்க்கும் பரிசாகாது, ஆனால் சில நாய்களுக்கு அதற்கு ஈடு வேறில்லை. மோப்ப நாய்களைப் பழக்குகிறவர்கள் உலகெங்கும் இதை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள்: மணிக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்த நாய்க்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு பந்தும் சில நிமிட விளையாட்டும்தான். சிப்பிப்பாறை, கன்னி போன்ற, கண்ணால் பார்த்துத் துரத்தும் நம் நாய்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் ஓடும் பொருளே உயிர். ஐந்தடி மூங்கில் கழியின் நுனியில் ஆறடிக் கயிறு, கயிற்றின் முனையில் பழைய சேலைத் துண்டை முறுக்கிக் கட்டினால் அருமையான கருவி ஆயிற்று. துணியைத் தரையோடு தரையாக வட்டமாக இழுங்கள், தூக்கித் தாவ வைக்க வேண்டாம், மூட்டு கெடும். நாய் நின்று உங்களைப் பார்த்தால் துணி ஓடும். சொல்லாமல் பாய்ந்தால் துணி செத்ததுபோல் கிடக்கும். "விடு" என்றதும் வாயைத் திறந்தால் மறுபடி ஓடும். முயலைத் துரத்தும் ஆசையை அடக்கப் போராடுவதற்குப் பதில், அதே ஆசையை நம் கைக்குள் கொண்டுவரும் வழி இது. இழுபறி விளையாட்டு நாயை முரடாக்கும், ஜெயிக்கவிட்டால் தலைக்கேறிவிடும் என்று ஓர் அச்சம் பரவலாக இருக்கிறது. ரூனியும் பிராட்ஷாவும் 2002-இல் 14 கோல்டன் ரெட்ரீவர்களை ஜெயிக்கவிட்டும் தோற்கடித்தும் பார்த்தார்கள். மனிதரை மிஞ்சப் பார்க்கும் போக்கு கூடவில்லை. பல் தோலில் பட்ட நொடியே விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுங்கள், அந்தக் கட்டுப்பாடு போதும். பாடம் முடிந்தபின் விளையாடுவதாலும் பலன் உண்டு: 2017-இல் அஃபென்செல்லர் குழுவினர் 16 லாப்ரடார்களிடம் பார்த்தபோது, கற்றபின் விளையாடிய நாய்கள் மறுநாள் அதே பாடத்தைக் குறைந்த முயற்சியில் செய்தன. எதை வைத்து விளையாடுவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். மக்காச்சோளக் கட்டை இங்கே அறுவடைக் காலத்தில் கால் வைக்கும் இடமெல்லாம் கிடக்கும், நாயும் ஆசையாகக் கவ்வும். விழுங்கினால் செரிக்காமல் குடலை அடைத்துக்கொள்ளும், அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். தேங்காய் மட்டையின் நாரும் அப்படியே. கல் பல்லை உடைக்கும், எறிந்த குச்சி ஓடிப் பிடிக்கும்போது தொண்டையில் குத்தும். தொண்டைக்குள் நழுவும் அளவுள்ள சின்ன ரப்பர் பந்து கூடவே கூடாது. பழைய செருப்பைக் கொடுத்துவிட்டுப் புதுச் செருப்பைக் கடிக்கிறதே என்று வருந்துவதிலும் பொருளில்லை. விளையாட்டுப் பொருள் நாள் முழுக்கத் தரையில் கிடக்காமல் பாட நேரத்தில் மட்டும் கைக்கு வந்தால்தான் அதன் மதிப்பு நிற்கும்.

காவலுக்கு நாய் வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி எல்லாவற்றிலும் கனமானது: கையில் வாங்கித் தின்னப் பழகிய நாய் திருடன் போடும் விஷக் கறியையும் தின்னாதா? ராத்திரி ஒருவேளைச் சோற்றில் பசியோடு கிடக்கும் நாய்தான் கறித்துண்டை யோசிக்காமல் விழுங்கும் என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். கிடப்பதைத் தொடாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கவும் தின்பண்டமே கருவி. மூடிய கைக்குள் ஒரு துண்டை வைத்து நீட்டுங்கள். நாய் நக்கும், பிறாண்டும், முட்டும். ஒன்றும் சொல்லாமல் இருங்கள். சலித்துப்போய் மூக்கை ஓர் அங்குலம் பின்னுக்கு இழுக்கும் நொடியில் நாக்குச் சொடுக்கு, மறு கையிலிருந்து வேறொரு துண்டு. மூடிய கையில் இருந்ததை ஒருபோதும் கொடுக்காதீர்கள். சில நாளில் கையைத் திறந்து வைத்தாலும் உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போதுதான் "வேண்டாம்" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். பிறகு தரையில், பிறகு நடக்கும் வழியில், பிறகு பக்கத்து வீட்டுக்காரர் எறியும் துண்டில். தரையில் கிடப்பதை விட்டால் வீட்டாரிடம் அதைவிட நல்லது கிடைக்கும் என்று நூறு தடவை பார்த்த நாய், இருட்டில் தனியாகவும் கொஞ்சம் தயங்கும். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடி வாங்கிய நாய்க்கு அந்தத் தயக்கமும் கிடையாது, அடிக்கிறவர் பார்க்கிறாரா என்பதைத்தான் அது கவனிக்கும். காட்டோரத்தில் இந்தப் பாடத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக வைக்கப்படும் அவுட்டுக்காய் என்ற வெடி உருண்டை தமிழ்நாட்டில் யானைகளின் வாயையே சிதைத்துக் கொன்றிருக்கிறது. தீனி வாடையோடு கிடக்கும் அந்த உருண்டையை ஒரு நாய் கவ்வினால் அடுத்த நொடி இல்லை.

பரிசை நாய் ஏற்காத நேரமும் ஒரு செய்திதான். வாசலில் ஈரலுக்குக் குதிக்கும் நாய் கால்நடை மருந்தகத்து வாசலில் அதையே மோந்து பார்க்காமல் நின்றால், அது பிடிவாதம் பிடிக்கவில்லை. பயத்தில் பசி அடைத்துப்போயிருக்கிறது. அங்கே பண்டத்தை வாயில் திணிப்பது வீண், பத்தடி பின்னால் வந்து, தின்னும் தூரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டியது என்பதால், ஊசியில்லாத நாட்களிலும் மருந்தகப் பக்கம் கூட்டிப்போய் நான்கு துண்டு கொடுத்துவிட்டுத் திரும்புவது பலன் தரும். வீட்டில் தொடைச் சதையை மெல்லக் கிள்ளியபடி தட்டில் தடவிய முட்டை மஞ்சளை நக்கவிட்டுப் பழக்கினால், தடுப்பூசி முகாமில் நாலு பேர் அழுத்திப் பிடிக்க வேண்டி வராது. குழந்தைகள் கொடுக்கும்போது விரலால் பிடித்து நீட்டாமல் உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கட்டும். இரண்டு நாய் இருக்கும் வீட்டில் தனித்தனியே பழக்குங்கள், நடுவில் விழுந்த ஒரே ஒரு துண்டு சண்டைக்குப் போதும்.

பாடம் ஊறியபின் ஒவ்வொரு தடவையும் பண்டம் வேண்டியதில்லை. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்கு விலங்குகள் விடாமல் உழைக்கும் என்பதை ஸ்கின்னர் காலத்திலேயே நிறுவிவிட்டார்கள். உட்காருவதற்கும் காத்திருப்பதற்கும் நாலில் ஒரு தடவை கொடுத்தால் போதும். மீதி நேரத்தில் நாய்க்கு அந்த வேளையில் பிடித்தது எதுவோ அதையே பரிசாக்கலாம்: வாசற்கதவு திறப்பது, வரப்பை மோந்து பார்க்க விடுவது, குட்டையில் இறங்க விடுவது. பிடித்த செயல் அவ்வளவு பிடிக்காத செயலுக்குப் பரிசாக முடியும் என்று டேவிட் பிரெமாக் 1959-இல் எழுதியது அடுப்பே எரியாத வீட்டிலும் கைகொடுக்கும். கூப்பிட்டால் வருவதற்கு மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆட்டையும் முயலையும் விட்டுவிட்டு வரும் நாய்க்கு வாழ்நாள் முழுக்க, பத்தில் ஒன்பது தடவையாவது நல்ல கூலி கொடுங்கள். என்ன செய்தாலும் ஒரு நாள் அது வராமல் ஓடும். அப்போது பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தால் அந்தப் பெயரே தேய்ந்துபோகும். ஒரு தடவை கூப்பிட்டு, வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு நடந்து போய்ப் பிடியுங்கள், அல்லது அதற்குத் தெரியும்படி எதிர்ப்பக்கம் ஓடுங்கள். அரை மணி கழித்து நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தானாக வந்து நின்றாலும், எவ்வளவு கோபம் இருந்தாலும், தண்ணீர் வைத்து ஒரு துண்டும் கொடுங்கள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் கயிற்றோடு, ஆடுகள் இருக்கும் தூரத்தை இரட்டிப்பாக்கி, ஈரலை எடுத்துக்கொண்டு பழைய இடத்திலிருந்து தொடங்குங்கள்.